பேட்டா வாசகர்

கதை எழுதப் பேனாவும் தாளும் போதும் என்று நினைக்கிறவன் விவரம் தெரியாதவன். இந்தக் காலத்தில் முதலில் வேண்டியது நல்ல இன்டர்நெட். அப்புறம் நிறைய ஓய்வு. கதை கடைசியில் வந்தால் வரும், வராவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை. ஜெராக்ஸ் அப்படித்தான் பல வருஷமாக எழுத்தாளனாக இருந்தான்.

நகலெடுக்கும் கடையில் மெஷின் முன்னால் நின்று நின்றே ஆளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பகல் முழுக்க அடுத்தவன் எழுதியதைப் பிரதி எடுக்கிறவன், தான் மட்டும் உலகத்தில் இல்லாத ஒன்றை எழுதப்போவதாகச் சொல்லித் திரிந்தான். அதுவும் சாதாரணக் கதை இல்லை, ஊகப் புனைவு. வேறு கிரகம், இன்னும் வராத காலம், செத்தவன் எழுந்து வந்து பங்கு கேட்பது, மெஷினுக்குக் கோபம் வருவது என்று நடக்காததெல்லாம் நடந்தால் என்ன ஆகும் என ஊகித்து எழுதுவதற்கு அப்படி ஒரு பெயராம். நடக்கிறதையே எவனும் ஒழுங்காக எழுதக் காணோம், அது வேறு கதை.

அவன் எழுதவில்லை. எழுதுவதற்கு வேண்டிய தளங்களைச் சேர்த்தான். எறும்பு அரிசி சேர்க்கிற மாதிரி சேர்த்தான், எறும்பாவது மழைக்காலத்தில் தின்னும். கிரகத்தின் எடையைப் போட்டால் அதில் மனுஷன் எவ்வளவு உயரம் குதிப்பான் என்று கணக்குச் சொல்லும் தளம் ஒன்று. பொத்தானை அமுக்கினால் ராஜாக்களுக்குப் பெயர் துப்பும் தளம் ஒன்று. அது துப்பிய பெயரெல்லாம் பல் போனவன் தும்மின மாதிரி இருந்தது. உங்கள் உலகத்தில் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, வரி யார் வசூலிக்கிறார்கள், பேய்களுக்கு வாக்குரிமை உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும் தளம் இன்னொன்று. அத்தனைக்கும் பதில் எழுதினான். அவன் கிரகத்தில் சாக்கடை இருந்தது, வரி இருந்தது, வாக்குச்சாவடிகூட இருந்தது. ஆள்தான் ஒருத்தரும் இல்லை.

ஒருநாள் ‘பத்திரிகை ஆசிரியர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கதைகள்’ என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. தான் எழுதுவதாக இருந்த அத்தனையும் வரிசையாக அதில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான்.

இந்தத் தளங்களையெல்லாம் அவன் குடும்பக் குழுவில் அனுப்பிக்கொண்டே இருப்பான். ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை. திறந்தது அவனுடைய அக்கா மட்டும்தான்.

அக்கா ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டைகளை டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, நூல் பிசகு இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. ‘செக்கிங் அக்கா’ என்றால்தான் அங்கே தெரியும். கம்பெனி பஸ்ஸில் போக வர நிறைய நேரம் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி தோளில் சாய்ந்து தூங்குவாள். தம்பி அனுப்பியதில் இலவசமாகக் கதை படிக்கிற பத்திரிகைத் தளங்கள் சில இருந்தன. காசில்லாமல் கிடைக்கிறதே என்று படிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிறகு, இதையா இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்கிறான் என்று எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்துவிட்டால் அப்புறம் எழுதவேண்டியதுதான்.

கட்டை விரலால், பஸ் குலுங்கக் குலுங்க, போனிலேயே எழுதினாள். அவள் கிரகத்தில் சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. ஆள் இருந்தான்.

ரெண்டு நிலா உள்ள ஓர் ஊர். அந்த ஊரில் எதைச் சந்தேகப்பட்டாலும் அது காணாமல் போய்விடும். அதனால் அங்கே உள்ளவர்கள் வாயையும் மனசையும் பொத்திக்கொண்டு பிழைத்தார்கள். அங்கே வெளியூரிலிருந்து ஒருத்தன் பெண்டாட்டியோடு குடிவந்தான். காலையில் பாலை வாயில் வைத்து, தண்ணி கலந்திருக்குமோ என்றான். பால் போயிற்று, பால்காரனும் போனான். மாத்திரையைப் பார்த்து, போலியா இருக்குமோ என்றான். மருந்துக்கடையே போயிற்று. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான். பூட்டு போய், கதவு போய், சுவர் போயிற்று. ஒரு நிலா நிஜமா என்றான், அதுவும் போயிற்று. கடைசியில் வெறுந்தரையில் அவனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள். அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அவளும் போனாள். அவ்வளவுதான் கதை.

இந்த ஆளை அவள் எந்த இன்டர்நெட்டிலும் தேடவில்லை. வீட்டிலேயே இருந்தான்.

அவள் புருஷன் லாரி டிரைவர். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச காலம் ஆகிறது, ஆனாலும் எல்லாருக்கும் டிரைவர்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து, கொண்டுவந்தவனையே மறுபடி தூக்கச் சொல்வார். டாக்டர் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார், அவர் எழுதியதை முதல் டாக்டரிடம் காட்டுவார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் எந்தப் பஸ்ஸும் ஏறியதில்லை. ஊர் உலகம் இருக்கிற இருப்பில் அதெல்லாம் தப்பென்றும் சொல்லமுடியாது. கூட இருக்கிறவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

கதையைப் பத்திரிகைக்கு அனுப்பியது ஜெராக்ஸ்தான். எந்தப் பத்திரிகை இப்போது கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது என்று தினம் பார்த்துச் சொல்லும் தளம் ஒன்றும் அவன் கைவசம் இருந்தது. அன்றைக்குத்தான் அது முதல் தடவை உபயோகப்பட்டது. கதை தேறிவிட்டதாகப் பதில் வந்தபோது அவனுக்குச் சந்தோஷம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. எழுத்தாளர்களை மொட்டையடிக்கிற கம்பெனிகளின் பெயரைப் போட்டு எச்சரிக்கும் பக்கத்தில் இந்தப் பத்திரிகை இருக்கிறதா என்று நம்பிக்கையோடு தேடிப் பார்த்தான். இல்லை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தான். கதையை ‘அண்டம் முழுவதும்’ வெளியிட உரிமை கேட்டிருந்தார்கள்.

“அண்டம்னா வேற கிரகத்துலயும் சேர்த்து அக்கா. அங்க வித்தா உனக்குத் தனியாத் தரணும்னு கேட்கலாம்” என்றான்.

“இந்தக் கிரகத்துல முதல்ல வரட்டும்” என்றாள்.

வருவதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. புனைபெயர் கூடாது. மெஷின் எழுதின கதைகளைப் பொய்ப் பெயரில் அனுப்பி ஆட்கள் பத்திரிகையை நாறடித்துவிட்டார்களாம். ஆகையால் சொந்தப் பெயர், கூடவே முகம் தெளிவாகத் தெரியும் போட்டோ. மனுஷன் எழுதினான் என்று காட்ட மனுஷன் மூஞ்சியைக் காட்டவேண்டிய காலம்.

அவள் பயந்தது கம்பெனிக்கோ தெருவுக்கோ இல்லை. டிரைவர் அதைப் படித்து, கதையில் வருகிறவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டால்? அவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “நீ உன் நிழல்கிட்டகூட அடையாள அட்டை கேப்பே” என்று சொல்லிச் சிரித்தார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அற்றது. அண்ணன் படுக்கையில் விழுந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாயில்லாத வைராக்கியம் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் போய்விட்ட இந்த ரெண்டு அறைக்குள், மீதிக் காலத்தைச் சுவரோடு பேசித்தான் கழிக்கவேண்டும். கதையை விட்டுவிடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை. ஆயிரம் பேர் தைத்த சட்டையில் தப்புக் கண்டுபிடித்தே வயசானவள், முதல் தடவையாகத் தான் தைத்ததை ஒருத்தன் நல்லது என்றிருக்கிறான்.

“மாமாகிட்டயே படிக்கக் குடுத்துப் பார்த்துடுவோம்” என்றான் ஜெராக்ஸ். “யாரு எழுதினதுன்னு சொல்லவேணாம். அவருக்குப் பொறி தட்டலைன்னா தைரியமா பேரைப் போடு.”

“தட்டிட்டா?”

“தட்டிட்டா நான் எழுதினதுன்னு சொல்லிடறேன்.”

எழுதாமலே எழுத்தாளனாக அவனுக்கு இது நல்ல வழி. சரியென்றாள்.

எழுதுகிறவர்கள் ஒருத்தர் கதையை ஒருத்தர் படித்துக் குறை சொல்லிக்கொள்ளும் களம் ஒன்றில் ஜெராக்ஸ் உறுப்பினன். கதை வெளியாகும் முன்பே படித்துக் கருத்துச் சொல்கிறவரை அங்கே பீட்டா வாசகர் என்பார்கள். டிரைவரிடம் போய், மாமா, உங்களை மாதிரி அனுபவஸ்தர்களைத் தேடுகிறார்கள், நீங்கள் பீட்டா வாசகராக இருக்கவேண்டும் என்றான். எத்தனையோ வருஷம் இன்ஜின் சத்தத்தில் கிடந்த காது. அது கேட்டது வேறு.

“பேட்டாவா? படிக்கிறதுக்கா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “வெளியூர் ட்ரிப் போனாத்தானே மாப்ள பேட்டா குடுப்பாங்க.”

ஜெராக்ஸ் ஒரு நொடி யோசித்தான். “கதை வேற கிரகத்துல நடக்குது மாமா. வெளியூர்தான்.”

லாரிக்காரனுக்கு அது நியாயமாகவே பட்டது. இருந்தாலும், எந்தக் கம்பெனி, முன்பணம் உண்டா, படித்து முடித்ததும் கையில் தருவானா அலையவிடுவானா என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு டிரைவர் படிக்க, எதிரே ஜெராக்ஸ் அவர் சொல்வதைத் தட்டச்சு செய்யத் தயாராக உட்கார்ந்தான். அக்கா பூண்டு உரித்தாள். அவ்வளவு பூண்டு அந்த வீட்டுக்கு ஒரு மாசத்துக்குத் தேவையில்லை.

டிரைவர் உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். போர்டு படித்துப் பழகினவர், ஒவ்வொரு வார்த்தையிலும் வண்டியை நிறுத்தித்தான் எடுப்பார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். ரெண்டு நிலா என்று போட்டிருக்கிறானே, யார் போய்ப் பார்த்தது என்று கேட்டார். கற்பனை என்றான் மச்சினன். கற்பனைக்கு ஒன்று போதாதா, ரெண்டு வைக்கிறான் என்றால் எங்கேயோ ஏமாற்றுகிறான், எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டான்.

பால்காரன் காணாமல் போன இடத்தில் டிரைவர் தொடையைத் தட்டினார். “போகட்டும். கலந்தான், போனான்.” மருந்துக்கடை போன இடத்திலும் அவருக்குத் திருப்தி. பூட்டை இழுத்துப் பார்க்கும் இடம் வந்தது. அக்காளின் விரல் பூண்டை விட்டுவிட்டு நகத்தை உரிக்க ஆரம்பித்தது. டிரைவர் அந்தப் பாராவை ரெண்டாம் தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த ஆள்தான்டா கதையிலேயே விவரமானவன்” என்றார். “மத்தவனெல்லாம் கேணப்பய.”

தப்பித்தோம் என்று அவளுக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள்ளேயே நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. ஒருத்தனுடைய நடை, பேச்சு, அவன் பூட்டைப் பிடிக்கிற பிடிவரைக்கும் எடுத்து வைத்திருக்கிறது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து, யாரோ நல்ல மனுஷன் போகிறான் என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற ஆளை என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு பூண்டை உரித்திருக்கலாம். உரிக்கவில்லை.

“ஏங்க, இந்த ஆளை எங்கயோ பார்த்த மாதிரி இல்ல?”

ஜெராக்ஸ் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான். டிரைவர் யோசித்தார். ஆழ்ந்து யோசித்தார்.

“இருக்கு” என்றார். “பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன். அப்படியே அவன்தான். அன்னிக்கு நான் ஏணி கேட்டதுக்கு எப்ப திருப்பித் தருவீங்கன்னு கேட்டான் பாரு. ஆனா அவன் கெட்டவன். இவன் நல்லவன். குணம் மட்டும் ஒண்ணு.”

மச்சினன் இருமலாக மாற்றிச் சிரித்தான். டிரைவர் மேலே படித்தார். நிலா போயிற்று. வெறுந்தரை வந்தது. அந்த ஆள் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான், அவளும் போனாள். முடிந்தது. டிரைவர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், பாக்கியை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று.

“இது பொய்” என்றார்.

எல்லாமே பொய்தான் மாமா என்றான் ஜெராக்ஸ்.

“மத்ததெல்லாம் சரி. கடைசிதான் பொய். இவன் பொண்டாட்டியைச் சந்தேகப்படமாட்டான்.”

பூண்டுத் தோல் மேஜையெல்லாம் பறந்தது. அக்கா அதைக் கூட்டிக்கொண்டே, ஏன் என்றாள். பெரிய ஆசையோடுதான் கேட்டாள். அதற்கு அவர் வாயால் ஒரு பதிலைக் கேட்க அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

டிரைவர் வண்டி பழுதைப் பற்றிச் சொல்கிறமாதிரி, சாதாரணமாகச் சொன்னார். “ஒண்ணைச் சந்தேகப்படணும்னா முதல்ல அதைப் பார்க்கணும். இவன் பாலைப் பார்க்கிறான், பூட்டைப் பார்க்கிறான், நிலாவைக்கூட நிமிர்ந்து பார்க்கிறான். அவளை எங்க பார்த்தான்? கதை பூரா தேடினேன், ஒரு இடத்துல இல்ல. அவ கூடவே வர்றா, அவ்வளவுதான். திடீர்னு கடைசியில திரும்பிப் பார்த்தான்னு எழுதினா எவன் நம்புவான்? எழுதினவனுக்குக் குடும்பம் நடத்தத் தெரியலை. எழுதிக்கோ.”

ஜெராக்ஸ் தட்டச்சு செய்யவில்லை. அக்காளைப் பார்த்தான்.

“எழுதிக்கோடா” என்றாள் அக்கா. “மாமா சரியாத்தான் சொல்றாரு.”

எழுந்து பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டிரைவர் தன் கருத்துக்கு அண்டம் முழுவதும் என்ன மதிப்பு வரும் என்று மச்சினனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டே கதையின் முடிவை அழித்தாள். புதுசாக எழுதினாள். எல்லாம் போன பிறகு வெறுந்தரையில் அந்த ஆள் நிற்கிறான். சந்தேகப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. யாராவது இருக்கீங்களா என்று காற்றைப் பார்த்துக் கேட்கிறான். பெண்டாட்டி அவன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள், துணிப்பை தோளில் இருக்கிறது. இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறாள். இவனாகத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்போமே. அங்கே கதை நின்றது.

பத்திரிகைக்காரர்களுக்கு முன்னதைவிட இது பிடித்துப்போயிற்று. ஜெராக்ஸுக்குத்தான் கவலை. அதுதான் மாமா கண்டுபிடிக்கவில்லையே, அப்புறமும் பெயர் போட ஏன் தயங்குகிறாய் என்று கேட்கத்தான் வந்தான். வந்து பார்த்தால் அவள் பெயரையும் போட்டோவையும் ஏற்கெனவே அனுப்பி முடித்திருந்தாள். அனுப்பியாகிவிட்டது என்றதும் அவனுக்கே பயம் வந்தது. போட்டோவைப் பார்த்தால், தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று மாமாவுக்குத் தெரிந்துவிடுமே என்றான்.

“தெரியட்டும்” என்றாள். “தெரியாம இருக்கிறதைவிட அது என்ன மோசமா போயிடும்?”

கதை வெளிவந்தது ஒரு சாயங்காலம். அவள் கம்பெனியிலிருந்து வந்து அடுப்படியில் நின்றாள். பேட்டாவுக்காக அந்தப் பத்திரிகைத் தளத்தைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், முகம் சிவந்திருந்தது. அடுப்படிக்குள் அவர் வருவது சிலிண்டரைத் தூக்கிப் பார்க்க மட்டும்தான்.

“நான் அன்னிக்கே சொன்னேன், ஃப்ராடுப் பசங்கன்னு” என்றார். “நான் படிச்சுக் குடுத்த கதையில உன் போட்டோவைப் போட்டிருக்கான். பேரும் உன் பேரு. எவனோ திருடிட்டான். உன் தம்பிகிட்ட திருட்டுப் பயலுகளைப் போட்டுக்குடுக்கிற பக்கம் ஒண்ணு இருக்காமே, அதுல எழுதச் சொல்லியிருக்கேன். நீ பயப்படாத.”

கோபம் அவளுக்காகத்தான். அது அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே சொல்வது சிரமமாக இருந்தது.

“யாரும் திருடலைங்க. எழுதினது நான்தான்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்திருந்தாள். சிரிக்கவில்லை. எங்கே வைத்து எழுதினாய் என்றார். பஸ்ஸில் என்றாள். எதில்? போனில். யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. கூட யார் இருந்தது? பக்கத்தில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். செக்போஸ்ட்டில் காலமெல்லாம் தன்னை நிறுத்திக் கேட்டதையெல்லாம் இப்போது அவர் திருப்பிக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் காகிதத்தை எடுத்து நீட்டுகிற மாதிரி பதில் சொன்னாள்.

“முடிவு வேற மாதிரி இருக்கே?”

“நீங்க சொன்னதைக் கேட்டு மாத்தினேன்.”

அவர் கடைசிப் பாராவை இன்னொரு தடவை படித்தார். பிறகு போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். கள்ள நோட்டா நல்ல நோட்டா என்று பார்க்கிறவன் மாதிரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“இதுல புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கு” என்றார்.

“முகத்துலயும் இருக்கு.”

விரலால் தொடப் போனவர், தொடாமல் நிறுத்தினார். “எப்ப வந்தது?”

“உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே.”

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். வெளியே பொழுது இறங்கி அடுப்படி மங்கிவிட்டிருந்தது. அவள் ஒரு கையை நீட்டி அடுப்பை அணைத்தாள், இன்னொரு கையால் சுவரில் இருந்த விளக்கைப் போட்டாள். போட்டுவிட்டு முகத்தை ஆட்டாமல் அசைக்காமல் நின்றாள்.